மனைவியின் பழைய எண்

ஆனி மாதக் காற்று தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணிவாக்கில் என் மனைவி கடைக்கு வந்தாள். கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவள் என் கடைப்படி ஏறியது நாலைந்து தடவைதான் இருக்கும். கோவில்பட்டிக் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் நான் மடிக்கணினி பழுது பார்க்கிறேன். வாடிக்கையாளர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து தன் மடிக்கணினியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இது என்னைய உள்ள விடமாட்டேங்குது. விடிஞ்சதுலருந்து பாக்கேன்.”

திறந்தேன். நீலத்திரை. நாற்பத்தெட்டு இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டு நின்றது. முந்தின நாள் ஏதோ அப்டேட் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ அந்நியன் கையில் சிக்கிவிட்டோம் என்று இயந்திரம் நினைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கையே பூட்டிவிட்டது. இந்தப் பூட்டை உடைக்க முடியாது. வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். வாரத்துக்கு ஒருவருக்காவது இதைச் சொல்லிக் கைவிரிப்பவன் நான்.

“உள்ள என்ன இருக்கு?”

“எல்லாம் இருக்கு.”

அந்த ‘எல்லாம்’ எனக்குத் தெரியும். கரிசல் காட்டில் மழைக்கும் மண்ணுக்கும் ஜனங்கள் புழங்குகிற சொற்களைப் பற்றி ஐந்து வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே, லீவு நாளெல்லாம் பஸ் பிடித்துப் புதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வருவாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் பன்னிரண்டு நாள். முதல் மூன்று இயல் வழிகாட்டியிடம் போயிருந்தது. கடைசி இயலும் அத்தனை ஒலிப்பதிவும் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

“சாவி உன் அக்கவுண்டுல இருக்கும். வேற மெஷின்ல போய் எடுத்துக்கிடலாம். பாஸ்வேர்டு சொல்லு.”

அவள் யோசித்தாள். “நான் கைரேகை வச்சுதான தொறப்பேன். இல்லன்னா அந்த நாலு நம்பர். பாஸ்வேர்டெல்லாம் வாங்குன அன்னைக்குப் போட்டது. சார்தான் செட் பண்ணிக் குடுத்தாவ.”

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். 

சார் என்றால் அவளுடன் ஆய்வு செய்கிறவர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. என்னைவிட ஆறேழு வயது இளையவர். மூன்று நான்கு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைப்பார். குடித்த டம்ளரை அவரே எடுத்துப்போய் அடுக்களை வாசலில் வைப்பார். என்னை ‘அண்ணாச்சி’ என்பார். குறை சொல்ல ஒரு துரும்பு கிடைக்காது. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நான் டிப்ளமோவோடு நின்றவன். சாப்பிடும்போது அவள் “சார் ஒண்ணு சொன்னாவ” என்று ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவள் அந்த வார்த்தையைப் பதினோரு தடவை சொன்னாள். நான் எண்ணினேன்.

ஊர்க்காரர் கணினியையெல்லாம் நான் திறந்து கொடுக்கிறேன். என் வீட்டுக் கணினியை அமைத்துக் கொடுத்தது வேறொருவர். அவள் அதை வாங்கிய வாரம் என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “வை, பாக்கேன்” என்று சொல்லி நாலு நாள் அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“பாஸ்வேர்டு மறந்துட்டுன்னு குடுத்துப் பாப்போம்” என்று என் கணினியில் அவள் கணக்கைத் திறந்து அழுத்தினேன். இரண்டு வழி காட்டியது. ஒன்று, அவள் முன்பு வேலை பார்த்த கல்லூரியின் மின்னஞ்சல். அங்கிருந்து விலகியதுமே அதை மூடிவிட்டார்கள். இன்னொன்று, முப்பத்தெட்டில் முடிகிற ஒரு செல்பேசி எண்.

“அது என் பழைய நம்பர்லா” என்றாள். “ரெண்டு வருசத்துக்கு முன்னால விட்டாச்சே.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த எண்ணை விட வைத்தவன் நான்தான். குடும்பத்துக்கு ஒரே கம்பெனியில் எல்லாரும் எடுத்தால் நல்லது, டவர் நன்றாகக் கிடைக்கும் என்று என்னென்னமோ காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அந்த எண்ணுக்குப் புதூர்ப் பக்கத்திலிருந்தும் கல்லூரியிலிருந்தும் சாரிடமிருந்தும் ஓயாமல் அழைப்பு வந்துகொண்டிருந்தது. எண் மாறினால் அழைப்பில் பாதியாவது குறையும் என்று கணக்குப் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக்கொண்டாள். சாருக்குப் புது எண்ணை அன்றைக்கே கொடுத்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

“சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கவா?” என்றாள். “செட் பண்ணும்போது அவிய எதையோ எழுதி வச்சாவ. அந்தச் சாவி அவியகிட்ட இருந்தாலும் இருக்கும்.”

“அதெல்லாம் இருக்காது” என்றேன். “ஒவ்வொரு தடவ பூட்டும்போதும் புதுச் சாவி போடும். அவருட்ட இருந்தாலும் அது இப்ப செல்லாது.”

முழுப் பொய். தொழிலில் நான் அப்படி ஒரு பொய்யைச் சொன்னதே கிடையாது. அவள் அதை நம்பினாள், ஏனென்றால் என் தொழிலில் என்னை அவள் எப்போதும் நம்பினாள்.

“அப்ப நீங்க எப்படியாவது பாருங்க.”

“விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் படியிறங்கிப் போனதும், வேறு யார் வேலையையும் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கை மீட்கக் கோரும் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். பழைய பாஸ்வேர்டு, கடைசியாக யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினாய், என்ன தலைப்பு என்றெல்லாம் கேட்டது. என் மனைவி யாருக்கு என்ன எழுதுகிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததைப் போட்டேன். மறுநாளே ‘போதுமான தகவல் இல்லை’ என்று பதில் வந்தது. மறுபடி நிரப்பினேன். மறுபடி அதே பதில்.

வீட்டில் அவள் நோட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கடைசி இயலை நினைவிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்திருந்தாள். “ஆச்சா?” என்று கேட்பாள். “ஆயிரும்” என்பேன். மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒரு போன் செய்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்தப் போனைச் செய்யும் அவள் குரலை, அவர் “கவலப்படாதிய மேடம்” என்று சொல்லப்போவதை நினைத்ததுமே மறுபடி படிவத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன்.

வியாழக்கிழமை, முப்பத்தெட்டில் முடிகிற அந்த எண்ணை நானே கூப்பிட்டேன். விட்ட எண்ணைக் கம்பெனிக்காரன் வேறு யாருக்காவது கொடுத்திருப்பான் அல்லவா? மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். பின்னால் லாரி ஹார்ன்.

விஷயத்தைச் சொன்னேன். உங்கள் எண் முன்பு என் வீட்டுக்காரியுடையது, இப்போது ஒரு குறுஞ்செய்தி வரும், அதிலுள்ள எண்ணைச் சொன்னால் போதும் என்றேன்.

“ஓடிபியா?” என்றார் அந்த அம்மா. “அத யார்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காவ. நல்ல வேலை ஏதாவது பாருங்க. போன வைங்க.”

மறுபடி கூப்பிட்டேன். திட்டு விழுந்தது. மூன்றாம் தடவை, “நான் நேர்ல வாரேன். என் முகத்தப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் கடை வைத்திருப்பதாகவும், மதியத் தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு மேல் வரும்படியும் சொன்னார்.

மனைவியிடம் உதிரிப் பாகம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவள் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். கூட்டிப் போயிருக்கலாம். திறந்த கணினியோடு வீட்டுக்குள் நுழைகிற காட்சி என் மனத்தில் இருந்தது. அதில் நான் தனியாகத்தான் இருந்தேன். நான்குவழிச் சாலையில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு பக்கமும் உழாத கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தகரக் கூரை போட்ட சின்னக் கடை. துண்டு, சோப்பு, தண்ணீர் பாட்டில், செல்போன் சார்ஜர். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஆதார் அட்டையைக் காட்டினேன். போனில் எங்கள் இருவர் படத்தைக் காட்டினேன். மனைவியின் பெயரைச் சொன்னேன், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “அப்ப டீச்சர்ங்கது உங்க வீட்டம்மாவா? அவியளக் கேட்டு ஒரு ஆம்பளையாளு இந்த நம்பருக்குப் பேசிக்கிட்டே இருக்காருல்லா.”

“யாரு?”

“யாரு கண்டா? சித்திர மாசத்துலருந்து. ராங் நம்பர்னு சொன்னா, சரிம்மான்னு வச்சிருவாரு. பத்து நாள் கழிச்சுத் திரும்ப வரும். ‘டீச்சர் இருக்காவளா’ம்பாரு. என்ன விசயம்னா சொல்ல மாட்டாரு. மெதுவாத்தான் பேசுவாரு.”

சாரிடம் புது எண் இருக்கிறது. அவர் பழைய எண்ணுக்கு அழைக்க வேண்டியதில்லை. அப்படியானால் இது இன்னொருவர். ஒருவரையே என்னால் தாங்க முடியவில்லை.

“அந்த நம்பரக் குடுப்பியளா?”

“மொதல்ல வந்த வேலையப் பாருங்க அண்ணாச்சி. மெசேஜ நான்தான் வாசிப்பேன். அதுல பேங்க் பேரு இருந்துச்சுன்னா குடுக்க மாட்டேன்.”

குறுஞ்செய்தி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார். பிறகு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். என் போனில் போட்டேன், கணக்கு திறந்தது, புது பாஸ்வேர்டு வைத்தேன். உள்ளே போய்ச் சாவியைத் தேடி எடுத்தேன். அதை என் போனில் பார்த்துக்கொண்டே மடிக்கணினியில் அடிப்பது சிரமமாக இருந்ததைப் பார்த்து, அந்த அம்மாவே போனை வாங்கி ஆறு ஆறு இலக்கமாக வாசித்துச் சொன்னார். எட்டாவது ஆறும் அடித்து முடித்ததும் நீலத்திரை போனது. நுழைவுப் பக்கம் வந்தது. என் போனிலிருந்து இணையத்தைக் கொடுத்துப் புது பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்துகொண்டது.

“அல்லா காப்பாத்துனான்” என்றார் அவர். தன் கணினி திறந்ததைப்போல அவருக்குச் சந்தோஷம்.

எனக்கு அந்த நேரம் சந்தோஷம் வரவில்லை. எண்ணைக் கேட்டு வாங்கி, கடையோரத்தில் நின்றே கூப்பிட்டேன். இரண்டே மணியில் எடுத்துவிட்டார்.

“ஐயா, நீங்க டீச்சரக் கேட்டுப் பேசுனியளாம். நான் அவ வீட்டுக்காரர்.”

மறுமுனையில் ஆடு கத்துவது கேட்டது. பிறகு, “டீச்சர் நல்லா இருக்காவளா?” என்றார். வயதான குரல். “எங்க வீட்டுல அவ பேசுனத டீச்சர் ஒருவாட்டி மெசின்ல புடிச்சிட்டுப் போனாவ. அவ சித்திரையில தவறிட்டா. ஒரு போட்டோ இருக்கு. சத்தந்தான் இல்ல. அத ஒரு தடவ கேக்க முடியுமான்னு கேக்கத்தான். செவுத்துல டீச்சர் குடுத்த நம்பருதான் எழுதியிருக்கு.”

“போன எடுத்த அம்மாட்டச் சொல்லியிருக்கலாமே ஐயா.”

“வேத்தாளு. அவியள்ட்டப் போய் என்னன்னு சொல்ல?”

ஊரைக் கேட்டேன். புதூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். கட்டாயம் கொண்டுவருகிறோம் என்று சொல்லிப் போனை வைத்தேன். சுவரில் எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக அவர் முயன்றுகொண்டிருந்திருக்கிறார். எண்ணை மாற்றச் சொன்னவன் நான்.

அவமானத்தோடு அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அவள் கணினி திறந்து என் முன்னால் இருந்தது. அந்தப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் படங்கள் இருந்த பகுதியைத்தான் திறந்தேன். சார் இருக்கிற படங்களைத் தேடினேன். இருந்தன, எல்லாவற்றிலும் ஏழெட்டுப் பேரோடு, ஏதாவது ஒரு களத்திலோ வாசலிலோ. மின்னஞ்சலைத் திறக்கவும் கை போனது. கடைக்கார அம்மா தேநீர் டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததால் மூடினேன். 

பதிவுகளை ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தாள். அந்த ஊரின் பெயரில் ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு கோப்பு. காதில் மாட்டிக் கேட்டேன்.

ஐயாவின் வீட்டம்மா நல்ல பேச்சுக்காரி. தூத்தல் என்றால் எப்படி, ஒரு பாட்டம் மழை என்றால் எவ்வளவு நேரம், உழவு மழைக்கு மண் எத்தனை விரல் நனைய வேண்டும் என்று கையை ஆட்டிச் சொல்வது குரலிலேயே தெரிந்தது. இடையிடையே என் மனைவி கேட்கிறாள். என்னிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவசரமில்லாமல், அடுத்தவர் முடிக்கும் வரை காத்திருந்து, “அப்புறம்க்கா?” என்கிறாள். அந்த முன்பின் தெரியாத மனுஷி மேலும் எனக்குப் பொறாமை வந்தது. சாரின் குரல் இரண்டே இடத்தில், மைக்கைக் கொஞ்சம் கிட்டே வைக்கச் சொல்வதற்கு.

முப்பதாவது நிமிடம் தாண்டி அந்த அம்மா கேட்டார். “ஏம்மா, உங்க வீட்டுக்காரரு எப்படி?”

“அவியளா? கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்காவ. எனக்குக் காய்ச்சல்னு சொன்னாக்கூட, எப்பருந்து, அதுக்கு முன்னால என்ன செஞ்சன்னுதான் கேப்பாவ. கஸ்டமர்ட்டக் கேக்குற மாதிரி.”

அந்த அம்மா சிரித்தார். என் மனைவியும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நான் போன் பேசுனா டிவி சத்தத்தக் கொறைப்பாவ. இப்ப நம்பர மாத்துன்னு நிக்காவ. மாத்திருவேன். எதுக்கு மாத்தச் சொல்லுதாவன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காவ, பாவம்.”

அதற்கு அந்த அம்மா சிரித்த சிரிப்பு! மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்து, “எல்லாம் ஒரே குட்டையில ஊறுனதுதான். இங்கயும் ஒண்ணு கெடக்கே, சந்தைக்குப் போனா பின்னாலயே வரும்” என்றார்.

சார் பக்கத்தில் இருந்திருக்கிறார். மைக்கைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்து, என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் காப்பி குடித்திருக்கிறார். ‘பாவம்’ என்ற அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பி நாலு தடவை கேட்டேன்.

வீட்டுக்கு வந்து கணினியைக் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்து, கடைசி இயல் இருப்பதைப் பார்த்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் எதிர்பார்த்த காட்சி வந்தேவிட்டது, ஆனால் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. சாருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், தொறந்துட்டாவ!”

“எது மேடம்?”

விவரம் சொன்னாள். அவர், “அடடா, அந்தச் சாவி ஒரு காப்பி என் மெயில்ல இருக்கே மேடம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றார்.

“அது இப்ப செல்லாதாமே சார்?”

“அப்படியெல்லாம் இல்லியே. அதுவா மாறாது.” 

அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அன்று அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. புதூர்க்காரரின் விஷயத்தைச் சொன்னபோதுதான், “அந்த அக்காவா?” என்று கேட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய்வருவது என்று முடிவானது. அந்த அக்காவிடம் முதன்முதலில் கூட்டிப்போனது சார்தான் என்பதால் அவரும் வருவார் என்றாள். ஐயாவிடம் பட்டன் போன்தான் இருக்கும், மெமரி கார்டில் போட்டு ஒரு சின்ன ஸ்பீக்கரும் கொண்டுபோகலாம், பதிவை நான் தயார் பண்ணுகிறேன் என்றேன்.

கடையில் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்தேன். ஐயா வீட்டு வாசலில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சாரும் இருக்க, அந்த வார்த்தைகள் ஒலிப்பதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. ‘உங்க வீட்டுக்காரரு எப்படி’ என்பதற்கு முன்னால் ஒரு கோடு, அடுத்த மழைப் பேச்சு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கோடு. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. வெட்டினேன். ஒட்டிய இடம் தெரியாமல் சுத்தமாக வந்திருந்தது. தொழில் தெரிந்தவன் அல்லவா?

ஞாயிறு காலை எட்டயபுரம் வழியாக வண்டியில் போனோம். சார் பஸ்ஸில் வந்து புதூரில் இறங்கி நின்றார். அங்கிருந்து மினிபஸ் பிடித்து எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். அந்த வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் பழைய எண் பெரிதாக எழுதியிருந்தது. ஐயா வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருந்தார். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஸ்பீக்கரை வைத்தோம்.

தன் மனைவியின் முதல் வார்த்தை வந்ததும் ஐயா கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஆடவில்லை, அசையவில்லை. கூடப் பேசுகிற மாதிரி நடுநடுவே “ம்” கொட்டினார். ஐம்பது நிமிடமும் கேட்டார். முடிந்தது.

“டீச்சர்” என்றார். “இதுல இன்னுங் கொஞ்சம் உண்டுமே.”

“எல்லாம் இதுதான் ஐயா.”

“இல்ல. நான் அந்தால ஆட்டுக்குத் தண்ணி வச்சிக்கிட்டு நின்னேன். அவ அன்னைக்கு ஒரு சிரிப்பு சிரிச்சா. என்னையச் சொல்லித்தான் சிரிச்சா. பொரையேறி, நான் செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அதுக்கப்புறம் அவ அப்படிச் சிரிக்கல, நோவு வந்துட்டுல்லா. அதக் கேக்கத்தான் இத்தன நாளும் போன் அடிச்சேன்.”

சார் என் மனைவியைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார். “மேடம், சில நேரம் ரெக்கார்டிங் கட் ஆயிருக்கும்” என்று மெதுவாக ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அவர் என்னைக் காப்பாற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

“கட் ஆகல” என்றேன். “நான்தான் வெட்டுனேன்.”

“எத வெட்டுனிய?” என்றாள் என் மனைவி.

“நீ என்னையப் பத்திப் பேசுனத.”

கேட்டிருக்கிறேன் என்பது, தேடியிருக்கிறேன் என்பது, சாவி விஷயத்தில் சொன்ன பொய், எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து அவளுக்கு விளங்குவதை நான் உட்கார்ந்து பார்த்தேன். அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். புதுச் சொற்கள் கிடைத்தால் பதிவு செய்யக் கொண்டுவந்திருந்தாள். மூலக் கோப்பு அதில் முழுசாக இருந்தது. அந்த இடத்தைத் தேடி வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

காய்ச்சல் வந்தது. டிவி வந்தது. நம்பர் வந்தது. ‘பாவம்’ வந்தது. நான் தரையில் ஓடிய ஒரு சிற்றெறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. ஐயா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். ‘சந்தைக்குப் போனா பின்னாலயே வரும்’ என்ற இடத்தில் அவரும் சிரித்துவிட்டார். “ஆமா, போவேன். போவேன்தான்” என்றார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. “இன்னொருக்கா போடுங்க டீச்சர்.”

ஆறு தடவை போட்டாள். ஆறு தடவையும் நான் கேட்டேன்.

கிளம்பும்போது, வெட்டாத பதிவை மெமரி கார்டில் ஏற்றி ஐயா போனில் போட்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று சார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் செய்திருக்க வேண்டிய வேலை. நான் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சார் வந்து, “வாரேன் அண்ணாச்சி” என்று கையைப் பிடித்தார். அந்தக் கையில் கேலி ஏதாவது இருக்கிறதா என்று அப்போதும் தேடினேன்.

எட்டயபுரம் தாண்டுகிற வரை அவள் பின்னால் பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். பிறகு, “வண்டிய நிறுத்துங்க” என்றாள். ஓரத்தில் நிறுத்தினேன். இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

“எங்கிட்ட ஒரு தடவயாவது நேரா கேட்டியளா? ‘அவரு யாரு ஒனக்கு’ன்னு?”

“இல்ல.”

“கேளுங்க.”

காற்று அவள் சேலையை இழுத்துக்கொண்டிருந்தது. நான் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி நேராக்கினேன்.

“கேக்க மாட்டிய. நம்பர மாத்துவிய, பொய் சொல்லுவிய, பெட்டியத் தொறந்து பாப்பிய. கேக்க மட்டும் மாட்டிய.” அவள் அழவில்லை. “அவிய எனக்கு நல்ல சிநேகிதர். நான் சொல்லுறதக் கேப்பாவ. அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ ஒங்களுக்குச் சின்னதாப் பட்டா படட்டும். எனக்கு அது சின்னது இல்ல.”

“சரி” என்றேன்.

“இனிமே என் மெசினு உங்க கடைக்கு வராது.”

வண்டியில் ஏறிக்கொண்டாள். தோளில் கை வைக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வேட்டை அவள் குறித்த நாளில் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வுக்கு நான் போயிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நன்றியுரையில் ஐயாவைச் சொன்னாள், கயத்தாற்று அம்மாவைச் சொன்னாள், சாரைச் சொன்னாள். என்னையும் சொன்னாள், நாலாவதாக. இப்போது சாப்பிடும்போது நான் அவளிடம் கேள்வி கேட்கப் பழகிவருகிறேன். சில நாள் நன்றாகப் பேசுவாள். சில நாள், “கஸ்டமர்ட்டக் கேக்குற மாதிரி கேக்காதிய” என்று எழுந்து போய்விடுவாள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சார் அழைத்தால் இப்போது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

போன மாதம் அவள் மடிக்கணினியில் விசைப்பலகை பழுதாகிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எங்கள் தெருவிலேயே, எனக்கு மூன்று கடை தள்ளி இருக்கும் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் என் கடையைத் தாண்டிப் பையோடு நடந்து போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அது பழுது நீங்கித் திரும்பி வந்த அன்று மாலை, அவள் குளிக்கப் போன நேரத்தில், மூடியிருந்த அந்தக் கணினியைக் கையில் எடுத்துத் திருப்பி ஒரு திருகாவது தவறியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாத் திருகும் இருந்தன. காற்றோட்டத் துளைகளில் இருந்த தூசியைக்கூட அவன் ஊதிச் சுத்தம் செய்திருந்தான்.